மூன்றாம் கவுன்ட்டர் – அத்தியாயம் 14: யாரோ விற்ற பதினேழு

இன்னும் ஆறு மணி நாற்பது நிமிடம் இருந்தது.

மாலை நாலு இருபதுக்கு நெட்வொர்க் கம்பெனியின் சரிபார்ப்பு அதிகாரி வருகிறார் என்று மேனேஜர் சொன்னபோது கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அண்ணி குனிந்து உள்ளே நுழைந்தாள். பத்தொன்பது நாள் விடுப்புக்குப் பிறகு இன்றுதான் வேலைக்கு வருகிறாள்.

அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியவள் அந்த செல்போன் கடையில் ஒருத்திதான். நாலாம் கவுன்ட்டரில் நிற்கும் நாத்தனார். ஆனால் ஒருத்தி கூப்பிட்டுப் பழகியது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மேனேஜருக்கும் அவள் அண்ணிதான்.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் மிளகாய். அண்ணன் வைத்தது. உயரம், ஒல்லி, வாய் காரம்.

அந்த மிளகாயோடு அண்ணி பேசி நாளாகிறது. பத்தொன்பது நாளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், எலக்ட்ரீஷியனான தன் கணவன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான் என்று கடைக்குப் போன் வந்தது. அண்ணி பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். மிளகாய் ஓடி வரவில்லை. கையில் போனைப் பிடித்தபடி கவுன்ட்டருக்குப் பின்னால் கல் மாதிரி நின்றாள். தொடை எலும்பில் தகடு வைத்தார்கள். பதினாறு நாள் ஆஸ்பத்திரி. ஒரு நாள்கூட அவள் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் வீடு திரும்பி மூன்று நாளாகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் அறை வாசலை மிதிக்கவில்லை.

கேட்டால் ஒரே பதில். “கடையில வேலை.”

“அண்ணி, இங்க வாங்க” என்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். “மூணு மாசக் கணக்கு நேத்தோட முடிஞ்சுது. உங்க பேருக்கு நேரா பாருங்க.”

அறுபத்தொன்று.

“தப்பா இருக்கு சார். நான் லீவுல போகும்போது நாப்பத்திநாலு.”

“அதைத்தான் கம்பெனியும் கேக்குது. லீவுல இருந்த ஆள் எப்படிப் பதினேழு போன் வித்தாங்கன்னு.”

கம்பெனியின் விதி எளிமையானது, இரக்கமில்லாதது. கம்பெனி சிம்மோடு சேர்த்து ஒரு போன் விற்று, அந்த சிம் உயிர் பெற்றால் விற்றவர் பெயரில் ஒன்று ஏறும். மூன்று மாதத்தில் அறுபது ஏறினால் ஊக்கத்தொகை. ஐம்பத்தொன்பது என்றால் பாதிகூட இல்லை. ‘அறுபதுக்கு ஒண்ணு குறைஞ்சா பூஜ்யம்’ என்பது கடையில் பழமொழி மாதிரி.

ஒருவர் விற்றதை இன்னொருவர் பெயரில் போடக் கூடாது. அதற்குப் பெயர் மோசடி. போட்டவருக்கு வேலை போகும். போட்டது தெரிந்தும் வாங்கிக்கொண்டால் அவருக்கும் போகும்.

“யாரு போட்டது சார்?”

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது அவருக்கு எதுவும் தெரியாது. அது அவருக்கு வசதி.

“உங்க மெஷின்ல ஏறியிருக்கு. போய்ப் பாருங்க” என்றார்.

*

மூன்றாம் கவுன்ட்டர் மெஷினை அண்ணி இயக்கினாள்.

திரையில் அவள் படம் வந்தது. வேலையில் சேர்ந்த அன்று எடுத்தது, திருதிருவென்று முழிக்கும் படம். அதன் கீழே ஒரு கேள்வி. ‘இவராகவே தொடரவா?’ பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

அவளுக்குப் புரிந்தது. ஓடிய அவசரத்தில் அவள் வெளியேறு என்பதை அழுத்தவில்லை. மெஷின் அவளையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் தினமும் காலையில் அது கேட்டிருக்கும். தினமும் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பதினேழு பில்களையும் திறந்தாள். ஒவ்வொன்றிலும் ‘வாடிக்கையாளர் கேட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. அண்ணி அதில் இரண்டே வார்த்தை எழுதுவாள். ‘நல்ல கேமரா.’ ‘நீடிக்கும் பேட்டரி.’

இந்தப் பதினேழில் அப்படி இல்லை.

‘காது சரியாகக் கேட்காத அம்மா. சத்தம் பெரிசா வேணும். மகன் திட்டுவானாம். திட்டட்டும்.’

‘பழைய போன்ல இருந்த எல்லாப் படத்தையும் மாத்திக் கொடுத்தேன். ரெண்டு மணி நேரம். அதுல பாதி பூனை.’

‘டாக்ஸி டிரைவர். வழி தெரியணும், வேற ஒண்ணும் வேணாம். விலை கூடினதைக் காட்டல.’

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். எழுதியவள் யாரென்று கேட்கவே வேண்டாம். அவள் குரலே காதில் கேட்டது.

பில்களின் நேரத்தைப் பார்த்தாள். அறுவை சிகிச்சை அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்தக் காலை, பதினொன்று பத்து. அப்போது இங்கே அவள் பெயரில் ஒரு போன் விற்றிருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் இரண்டு.

தாளில் மிளகாயின் எண்ணையும் தேடினாள். நாற்பத்தொன்று. பத்தொன்பது நாளுக்கு முன்னால் அது முப்பத்தெட்டு. தன் பெயருக்கு மூன்று போட்டுவிட்டு, அண்ணி பெயருக்குப் பதினேழு போட்டிருக்கிறாள்.

நாலாம் கவுன்ட்டரில் மிளகாய், காட்சிக்கு வைத்த போன்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அவளை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறோம் என்று அண்ணி நினைத்துப் பார்த்தாள். முகம் சூடாகியது. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“மிளகாய்.”

“என்ன அண்ணி?”

“நீதானே?”

“எது நானு?”

“பூனைப் படம்.”

துணி ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது. “என்ன பேசுறீங்கன்னே புரியல. கஸ்டமர் வர்றாங்க, போங்க.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்.”

“சொல்லாதீங்க.” மிளகாய் குரலைத் தாழ்த்தினாள். கண்கள் கூரையைக் காட்டின. அங்கே கேமரா. “அந்த வார்த்தையை இங்க சொன்னா நாலு இருபதுக்கு எனக்கு டாட்டா. வாயை மூடிக்கிட்டு நிக்கத் தெரியாதா உங்களுக்கு? வீட்டுல மட்டும் நல்லா நிப்பீங்க.”

சரிதான். இங்கே நன்றி என்று சொன்னால் அது வாக்குமூலம். அண்ணி தன் இடத்துக்குத் திரும்பினாள்.

*

அதிகாரி நாலு பதினெட்டுக்கு வந்தார். சின்ன உருவம், பெரிய பை. பின்னறையில் காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, டீ வேண்டாம் என்றார். அது நல்ல அறிகுறி இல்லை என்று மேனேஜர் கண்ணால் சொன்னார்.

“இந்தப் பதினேழும் நீங்க வித்ததா?”

அண்ணி மதியம் முழுக்க இரண்டு பதில் வைத்திருந்தாள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அடுத்த கேள்வி மிளகாய் மேல் பாயும். வாயைத் திறந்தபோது மூன்றாவதாக ஒன்று வந்தது. அது நடந்தது மட்டும்.

“இல்ல மேடம். என் வீட்டுக்காரர் விழுந்துட்டார்னு போன் வந்துச்சு. மெஷின்ல இருந்து வெளியேறாம அப்படியே ஓடிட்டேன். தப்பு என் மேலதான். அந்தப் பதினேழும் எனக்கு வேண்டாம். எடுத்துடுங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“நல்லவேளை. பதினேழு பேருக்கும் நான் போன் பண்ணிட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. உயரமான பொண்ணு, வாய் ஓயாதுன்னு. உங்களைப் பார்த்தா ரெண்டுமே இல்ல. ‘நான்தான்’னு நீங்க சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் இன்னிக்கே அனுப்பியிருப்பேன்.”

மிளகாயைக் கூப்பிட்டார்கள். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள்.

“பத்தொன்பது நாளா மெஷின் வேற ஆள் பேர்ல ஓடியிருக்கு. நீ கவனிக்கவே இல்லையா?”

“மேடம், கஸ்டமர் மூஞ்சியைப் பார்த்தா போன் விக்கும். மெஷின் மூஞ்சியைப் பார்த்தா என்ன விக்கும்?”

அதிகாரியின் உதடு லேசாக அசைந்தது. மேனேஜரைப் பார்த்தார். “மெஷின் தானா வெளியேறாதா சார்?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “தானா வெளியேறாது மேடம். அது நிஜம்.”

காலையில் அது கேட்கும் கேள்வியைப் பற்றி அவர் சொல்லவில்லை. அண்ணிக்கு அந்தக் கண்ணாடித் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். “இன்னொண்ணு. வீட்டு ஆளுங்க பேர்ல சிம் போட்டுக் கணக்கை ஏத்துறது எல்லாக் கடையிலயும் நடக்குது. ஒரு மணி நேர ஆஃபர், ரெண்டு மணி நேர ஆஃபர்னு நாங்க விட்டாப் போதும், மாமா பேர்ல ஒண்ணு, அத்தை பேர்ல ஒண்ணு. இங்க?”

பதில் வரத் தாமதமானது. மிளகாய்க்குப் பதில் தாமதமாகி அண்ணி பார்த்ததில்லை.

“இந்தப் பதினேழுல இல்ல மேடம்.”

“சரி. தவறுதலா ஏறினதுன்னு எழுதுறேன். பதினேழும் உன் பேருக்கு மாறும். உன் நாப்பத்தொண்ணோட சேர்ந்து…” அதிகாரி கூட்டிப் பார்த்து நிறுத்தினார். “ஐம்பத்தெட்டு.”

அண்ணிக்கு நாற்பத்திநாலு, பூஜ்யம். மிளகாய்க்கு ஐம்பத்தெட்டு, அதுவும் பூஜ்யம்.

“விதியை நான் எழுதல” என்றார் அதிகாரி. போகும்போது வாசலில் நின்று மிளகாயிடம், “அந்தக் காது கேக்காத அம்மா உன்னை விசாரிச்சாங்க. சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேக்குதாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

கடையிலிருந்து வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிட நடை. தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சலவைக் கடைக்காரர் ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். பள்ளி வேன் ஒன்று பின்னால் நகர்ந்து கத்தியது.

மிளகாய் நொண்டுவதை அண்ணி அப்போதுதான் கவனித்தாள்.

“காலு என்ன?”

“நின்னா வலிக்கும். நடந்தா வலிக்கும். உக்காந்தா மேனேஜருக்கு வலிக்கும்.”

“என் ஷிஃப்ட்டும் சேர்த்துப் பார்த்தியா?”

“ரெண்டு கவுன்ட்டரையும் ஒரு ஆள் பார்க்கணும்னா பன்னெண்டு மணி நேரம் ஆகும். இதுல என்ன ஆராய்ச்சி?”

அண்ணி நின்றாள். “இங்க கேமரா இல்ல. இப்போ சொல்லலாமா?”

“வேண்டாம் அண்ணி.”

“மனசுல வச்சுக்கிட்டு எனக்கு மூச்சு முட்டுது. நான் உன்னை என்னவெல்லாம் நினைச்சேன் தெரியுமா?”

“நினைச்சதெல்லாம் சரிதான். அப்படியே வச்சுக்கங்க.” மிளகாய் வேகமாக நடந்தாள், நொண்டிக்கொண்டே. “சொன்னீங்கன்னா நான் வீட்டுக்கு வரல. இப்படியே திரும்பிடுவேன்.”

வெட்கப்படுகிறாள் என்று அண்ணி நினைத்தாள். வாய் நீளமானவர்களுக்கு நல்லது செய்து மாட்டிக்கொண்டால் வெட்கம் அதிகம். கூடவே நடந்தாள். இரண்டு பேருக்கும் பூஜ்யம். ஆனால் பத்தொன்பது நாளில் முதல் தடவையாக மார்பில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. நன்றியை வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

கதவைத் திறந்ததும் மாமியாரான அத்தையின் குரல்தான் முதலில் வந்தது.

“வந்துட்டாங்க மகாராணி. இன்னிக்கு என்ன சூரியன் மேற்கே உதிச்சுதா, வெளிச்சம் இருக்கும்போதே வந்திருக்கே? கூடப் பொறந்தவன் கால் உடைஞ்சு கிடக்கான். எத்தனை மணிக்கு வந்தா அவன் தூங்கியிருப்பான்னு கணக்குப் போட்டு வர்ற தங்கச்சியை நான் உன்கிட்டதான் பாக்குறேன்.”

மிளகாய் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். மிளகாய்க்கு வாய் இல்லாமல் போனால் அத்தைக்கு இரண்டு மடங்கு வரும்.

“நான் பெத்தது போன் கடைக்காடி? ஆஸ்பத்திரிக்கு வந்தா உன் இன்சென்டிவ் கரைஞ்சு போயிடுமோ?”

“அத்தை, போதும்” என்றாள் அண்ணி. “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“அண்ணி, வேணாம்னு சொன்னேன்ல?”

அண்ணி கேட்கவில்லை. மிளகாயின் மணிக்கட்டைப் பிடித்து, அவளை இழுத்துக்கொண்டு கணவனின் அறைக்குள்ளேயே போனாள். அவன் இரண்டு தலையணை மேல் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தினான். அத்தை பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழு போன். அறுவை சிகிச்சை நாளில் பதினொன்று பத்து. பாதி பூனை. தன் கணக்கைக் காலி பண்ணிக்கொண்டு அண்ணி கணக்கை நிரப்பியது. பன்னிரண்டு மணி நேரம் நின்றது. ஐம்பத்தெட்டு. சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உடைந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அத்தை கதவை விட்டுவிட்டு மகளின் காலைக் குனிந்து பார்த்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

“ஐயோ, என் வாயில மண்ணைப் போட. வாய் நிறைய மட்டும் பேசுற, இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உக்காரு, வெந்நி வச்சு எடுத்துட்டு வரேன்.”

“அம்மா, வேணாம்.”

“உக்காருடி.”

மிளகாய் உட்காரவில்லை. சுவரை ஒட்டி நின்றாள். அண்ணன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர அந்த அறையில் எல்லாவற்றையும் பார்த்தாள்.

“கம்பெனி பூஜ்யம் போட்டா என்ன? நான் போட மாட்டேன்” என்றாள் அண்ணி. “கடையில சொல்ல விடல, தெருவுல சொல்ல விடல. இப்போ சொல்றேன். ரொம்ப நன்றி மிளகாய். கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா.”

மிளகாயின் முகம் அடி வாங்கியது போல் சுருங்கியது.

“விடு அவளை” என்றான் கணவன், அண்ணியைப் பார்த்து. குரலில் அவசரம் இருந்தது. “களைச்சு வந்திருக்கா. போய்ச் சாப்பிடட்டும்.”

“நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உங்களுக்காகத்தானே செஞ்சா?”

“சொல்லிக்கலாம். மிளகாய், நீ போ. உள்ள போ.”

“எத்தனை நாளைக்குண்ணா?” என்றாள் மிளகாய்.

அவ்வளவு மெல்ல அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அடுப்படிக்குக் கிளம்பிய அத்தை நின்றாள்.

“வேணாம்” என்றான் அவன். “நான்தான் வேணாம்னு சொல்றேன்ல? நடந்தது நடந்துபோச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. கால் சேர்ந்துக்கிட்டு வருது.”

“நீ சொல்லாம இருக்க இருக்க எனக்குத்தான் உன் முகத்தைப் பார்க்க முடியல. இப்போ இவங்க வேற நன்றி சொல்றாங்க.” மிளகாய் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பினாள். “நன்றி சொல்லாதீங்க அண்ணி. பதினேழு இல்ல, நூறு போன் போட்டாலும் நேராகாது. அன்னிக்கு சனிக்கிழமை. ஒரு மணிக்குள்ள அஞ்சு சிம் போட்டா கணக்கு டபுள்னு ஆஃபர் விட்டாங்க. எனக்கு நாலு ஆயிடுச்சு. மணி பன்னெண்டு அம்பது.”

அண்ணியின் கை இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது.

“அஞ்சாவதை அண்ணன் பேர்ல போட்டேன். ஓடிபி அண்ணன் போனுக்குப் போச்சு. ஏணி மேல நிக்கிறேன், இறங்கிட்டுச் சொல்றேன்னுச்சு. நான்தான் விடல. ‘பத்து நிமிஷம்தான் இருக்கு, இப்பவே சொல்லு’ன்னேன். ஒரு கையால போனைப் பிடிச்சுக்கிட்டு நாலு நம்பர் சொல்லுச்சு அண்ணி. அஞ்சாவது நம்பர் சொல்லும்போதுதான் விழுந்துச்சு.”